அஞ்ஞானி வீட்டு முட்டை

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் ஒரு சின்னக் கூடை. உள்ளே வைக்கோல், வைக்கோல் மேல் ஆறு முட்டை. எங்கள் ஊர்த் தேரி மண் மாதிரி செக்கச் செவேலென்று இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் இலையின் அச்சு, நரம்பு நரம்பாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா வைத்துவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு இரண்டு சங்கடம். ஒன்று, அது லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பங்கரைக்குள் வராது. இன்னொன்று, அந்த அம்மா ஒரு பேகன்.

பேகன் என்றதும் மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தான் நமக்கு நினைவுக்கு வருவார். இது வேறு. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் பருவங்களையும் இயற்கையையும் முன்வைத்து, கடந்த நூறு ஆண்டுகளுக்குள் உருவாகி வளர்ந்த வழிபாடுகளுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர். விக்கா, ட்ரூயிட் என்று உள்ளே பல பிரிவுகள். இங்கிலாந்து, வேல்ஸின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்று எழுதினார்கள். நான் வேலை பார்ப்பது தென்மேற்கு இங்கிலாந்தில், கிளாஸ்டன்பரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு ஊரில். இந்தப் பகுதியில் தெருவுக்கு ஒருவராவது தட்டுப்படுவார். பக்கத்து வீட்டம்மா தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ட்ரூயிட். ஆள் எங்கள் ஊர் ரிட்டயர்டு டீச்சர் மாதிரிதான் இருப்பார்.

என் பாட்டி இருந்திருந்தால் ஒரே சொல்லில் முடித்திருப்பார்: அஞ்ஞானி. சிலை கும்பிடுகிற எல்லாருக்கும் மிஷனரி காலத்தில் வைத்த பெயர் அது. எங்கள் ஊர் மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கம். நாங்கள் எந்தக் கட்சி என்று ஊர்ப் பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது பாருங்கள்.

சரி, நன்றி சொல்லிவிட்டு வருவோம் என்று போனேன். அங்கேதான் முதல் தப்பு செய்தேன். மரியாதை என்று நினைத்து, "ஈஸ்டரே உங்கள் பண்டிகைதானாமே, இஷ்டார் என்கிற தேவதையின் பெயரிலிருந்து வந்ததாமே" என்றேன். ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படம்தான் என் ஆதாரம். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கெட்டிலைப் போட்டுவிட்டு, உட்கார் என்றார். ஒன்றரை மணி நேரம் பாடம்.

இஷ்டார் மெசொப்பொத்தேமியத் தெய்வம். ஈஸ்டர் என்ற சொல்லுக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு தொடர்பு கிடையாது. ஈஸ்டர் என்ற பெயரே ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும்தான். பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், கிரேக்கர் எல்லாரும் 'பாஸ்கா' என்பதன் ஏதோ ஒரு வடிவத்தைத்தான் சொல்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு உறைத்தது. நம் ஊர்க் கத்தோலிக்கர் பாஸ்கா என்பதும், ஆங்கிலேய மிஷனிடம் படித்த நாங்கள் ஈஸ்டர் என்பதும் இந்தக் கதையின் வால்தானே!

ஈஸ்டர் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு தேவதை இருந்திருக்கலாம் என்பதற்கு ஒரே சாட்சி, பீட் என்ற ஆங்கிலத் துறவி. 725இல் காலக்கணக்கு பற்றி எழுதிய நூலில், முன்னோர்கள் இந்த மாதத்துக்கு எயோஸ்த்ரே என்ற தேவதையின் பெயரை வைத்திருந்தார்கள், அவளுக்கு விழா எடுத்தார்கள் என்று போகிற போக்கில் சொல்கிறார். அவ்வளவுதான். முயல் இல்லை, முட்டை இல்லை. 1835இல் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் மொழியறிஞர், ஜெர்மனியிலும் ஒஸ்தாரா என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். இன்றைய பேகன்கள், பகலும் இரவும் சமமாகிற, மார்ச் 20ஐ ஒட்டிய சமநாளுக்கு வைத்திருக்கும் பெயர் அந்த ஊகத்திலிருந்து வந்தது. ஈஸ்டர் முயல் எழுத்தில் தலைகாட்டுவது 17ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில்.

"அப்போ முட்டை?" என்றேன்.

"அது நீ சொல்ல வேண்டியது. லெந்தில் நீ முட்டை சாப்பிடுவதில்லை. கோழிக்கு லெந்து தெரியுமா?"

கோழி பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். நாற்பது நாள் முட்டை வீட்டில் சேர்ந்துபோகும். ஈஸ்டர் அன்று அவித்து, சாயம் போட்டு, ஊருக்கெல்லாம் கொடுப்பார்கள். முதலாம் எட்வர்டு மன்னர் 1290 ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்கிய கணக்கு அரண்மனைச் செலவு ஏட்டில் இருக்கிறதாம். ஆக, உங்களுடையது என்று நான் தூக்கிக் கொடுக்கப் போன முட்டையை, இல்லை இது உன்னுடையதுதான் என்று திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டார்.

கடைசியில் ஒன்று சொன்னார். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு, அதுதான் ஈஸ்டர். "உங்கள் பண்டிகைதான் வானத்தைப் பார்த்து நகர்கிறது. எங்களுக்கு நிலா கணக்கிலேயே வராது, சூரியன் மட்டும்தான். எனக்குப் பொறாமை உண்டு."

அன்று கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆபீஸிலோ தெருவிலோ ஒரு பேகன் இருந்தால், "இதெல்லாம் உங்களிடமிருந்து சுட்டதுதானே" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். கேட்பவர் விவரமானவராக இருந்தால் உங்கள் ஆதாரம் என்ன என்று கேட்பார். விவரமில்லாதவராக இருந்தால் ஆமாம் ஆமாம் என்று கொதிப்பார், ஆளுக்கொரு பொய்யைப் பரிமாறிக்கொண்டு எழுந்து போவீர்கள். கொதிப்பவர்களும் இருக்கிறார்கள். டிசம்பர் வந்தால் போதும், 'எங்கள் பண்டிகையைத் திருடிக்கொண்டார்கள்' என்று தொடங்கிவிடுவார்கள். அநேகமாக இளவட்டம். பெற்றோரின் சபையிலிருந்து கோபத்தோடு வெளியே வந்தவர்கள். அந்தக் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கும், வரலாறு வெறும் கைத்தடி.

வயதானவர்கள் வேறு மாதிரி. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்டு ஹட்டனை இவர்கள் ஊன்றிப் படித்திருக்கிறார்கள். பிரிட்டனின் பண்டிகைகள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, எதற்குப் பழைய சாட்சி உண்டு, எது நேற்று முளைத்தது என்று சொன்னவர். பேகன்கள் சொல்லிக்கொண்டிருந்த பல பழம்பெருமைகள் அவர் கையில் உதிர்ந்துபோயின. ஆனாலும் பேகன் கூட்டங்களில் அவருக்கு நல்ல மரியாதை. நம் ஊரில் குலப்பெருமையை இப்படி ஒருவர் உரித்திருந்தால் மேடை கொடுப்போமா என்று யோசித்துப் பார்த்தேன்.

அவர்களுடைய எட்டுப் பண்டிகைச் சக்கரமே புதுசுதான். நான்கு பண்டிகை சூரியனின் திருப்பங்களுக்கு, நான்கு அவற்றின் இடைவெளிகளுக்கு. எட்டையும் ஒரே ஆண்டில் கொண்டாடிய பழங்கால இனம் என்று எதையும் காட்ட முடியாது. 1950களில் விக்காவின் ஜெரால்டு கார்ட்னரும் ட்ரூயிட் ராஸ் நிக்கல்ஸும் சேர்த்துக் கட்டிய மாலை. செப்டம்பர் சமநாளுக்கு 'மாபன்' என்று பெயர் வைத்தவர் ஐடன் கெல்லி என்ற அமெரிக்கர், 1974இல். பக்கத்து வீட்டம்மா என்னைவிட வயதில் குறைந்த பண்டிகை அது என்று கேலி செய்வார். புதுசு என்பதால் பொய் என்று அவர் நினைப்பதில்லை. "நாள் நீள்வது பொய்யா?" என்பார்.

இரண்டாவது தப்பு என் வேலையில். கொஞ்சம் பெரிய தப்பு.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். டியூட்டி லிஸ்ட் போடுவது என் பொறுப்பு. டிசம்பர் லிஸ்ட் என்றால் தலைவலி. 25ஆம் தேதி எல்லாருக்கும் லீவு வேண்டும். எங்களிடம் ஒரு பையன் வேலை பார்த்தான், கழுத்தில் ஐந்து முனை நட்சத்திரம் தொங்கும். அவன் 2022 டிசம்பர் 21 மட்டும் லீவு கேட்டிருந்தான். ஆண்டின் மிகக் குறுகிய பகல், அவர்களுக்கு யூல். எனக்கோ பரம சந்தோஷம். 21ஐக் கொடுத்துவிட்டு, 24 இரவும் 25 பகலும் அவன் தலையில் கட்டினேன். அவனுக்கென்ன கிறிஸ்துமஸ் என்று கேட்கக்கூட இல்லை.

வாயைத் திறக்காமல் வந்து வேலை பார்த்தான். ஜனவரியில்தான் இன்னொருத்தி மூலம் விஷயம் வந்தது. அவன் அம்மா மெதடிஸ்ட் சாப்பலுக்குப் போகிறவர், விதவை. ஒவ்வோர் ஆண்டும் 25 மதியம் அவனுக்காக வான்கோழி சமைத்துக் காத்திருப்பாராம். அந்த ஆண்டு தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபப்படவில்லை. "21 எனக்கு, 25 அம்மாவுக்கு" என்றான்.

அதற்குப் பிறகு லிஸ்ட் போடுமுன் எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: எந்த நாள் உங்களுக்கு முக்கியம், யாரோடு இருக்க வேண்டும்? மதத்தைக் கேட்பதே இல்லை. இன்னொரு நடைமுறை விஷயமும் சொல்ல வேண்டும். கதிர்த்திருப்ப நாள், அதாவது அந்தக் குறுகிய பகல், எல்லா ஆண்டும் 21ஆகவே வராது, சில ஆண்டு 22 வரும். லீவு கொடுப்பவர்கள் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். போன ஆண்டு 21தானே என்று வாதாடாதீர்கள்.

எங்கள் லித்துவேனிய சக ஊழியர் வீட்டில் இன்னொரு விதம். டிசம்பர் 24 இரவு கூச்சியோஸ் என்று பன்னிரண்டு பதார்த்தம் வைப்பார்கள், இறைச்சி கிடையாது, மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல். கத்தோலிக்கக் குடும்பம் அது. ஆனால் சித்தி ஒருத்தி ரோமுவா என்ற பழைய பால்டிக் வழிபாட்டுக்காரி. அவள் அதே மேசையில் உட்கார்ந்து, வைக்கோல் எங்களுடையது, அப்பம் உங்களுடையது என்பாளாம். லித்துவேனிய அரசு அந்தச் சமயத்துக்கு அங்கீகாரம் மறுத்தது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021இல் சொன்னது. 2024 டிசம்பரில் அங்கீகாரம் வந்தது. அவர்களுக்குக் கிறிஸ்துமஸை எதிர்த்து ஒன்றும் வழக்கு இல்லை, தங்களையும் ஒரு மதம் என்று எழுதிக்கொள்ளச் சொல்லித்தான் வழக்கு.

சரி, டிசம்பர் 25 யாருடையது? நானும் பக்கத்து வீட்டம்மாவும் இதைப் பல மாலை பேசியிருக்கிறோம். ரோமில் தொகுத்த, 354ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கம் கிடைத்திருக்கிறது. அதில் அந்தத் தேதிக்கு எதிரே 'வெல்லப்படாதவரின் பிறந்தநாள்' என்று இருக்கிறது, சூரியக் கடவுள் என்று பொருள் கொள்கிறார்கள். அதே தொகுப்பில் வேறொரு பட்டியலில் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்த நாளும் அதே தேதிதான். ஔரேலியன் பேரரசர் 274இல் சூரியனுக்குக் கோயில் எடுத்தார் என்பது உண்மை. அந்தப் பக்கம், மார்ச் 25இல் கர்த்தர் கருவில் உருவானார் என்று எண்ணி அதிலிருந்து ஒன்பது மாதம் கூட்டிய பழைய கிறிஸ்தவக் கணக்கும் உண்மை. எது முந்தி என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ரோமானியர் தங்கள் காலண்டரில் குளிர்காலத் திருப்பத்தையே டிசம்பர் 25 என்றுதான் குறித்து வைத்திருந்தார்கள். சூரியன் திரும்புகிற நாளை இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது பக்கத்து வீட்டம்மாவின் கட்சி.

கலந்ததற்கு நல்ல சாட்சி வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும் என்பார். பத்தாம் நூற்றாண்டில் நார்வேயின் ஹாகோன் மன்னர், பழைய யூல் விழாவைக் கிறிஸ்துமஸோடு ஒரே நாளில் வைக்கச் சட்டம் போட்டதாக ஐஸ்லாந்தின் வரலாற்றாசிரியர் ஸ்னோரி எழுதி வைத்திருக்கிறார். இன்றும் ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸின் பெயரே யூல்தான். அதற்கும் முன்னால், 601இல் போப் கிரகோரி இங்கிலாந்து போகும் மெல்லிட்டஸ் என்ற துறவிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கோயில்களை இடிக்காதே, உள்ளிருக்கும் சிலைகளை மட்டும் அகற்றிவிட்டுத் தீர்த்தம் தெளித்து அவற்றையே ஆலயமாக்கு. தங்கள் தெய்வங்களுக்கு மாடு வெட்டி விருந்து வைத்தவர்கள், புனிதர் திருநாளில் கர்த்தரைப் புகழ்ந்து அதே விருந்தை வைத்துக்கொள்ளட்டும் என்கிறார். பக்கத்து வீட்டம்மா அந்தக் கடிதத்தை வெறுப்பார் என்று நினைத்தேன். "புத்திசாலி ஆள். சனங்களிடமிருந்து சாப்பாட்டைப் பிடுங்கவில்லை" என்றார்.

பிரிஜித் விஷயத்தில் சண்டையே இல்லை. பிப்ரவரி 1 ஐரிஷ் புனிதர் பிரிஜித்தின் நாள், பேகன்களுக்கு இம்போல்க். சுமார் 900ஆம் ஆண்டு ஐரிஷ் அகராதி ஒன்று பிரிஜித் என்ற தேவதையைச் சொல்கிறது. அயர்லாந்தின் கில்டேரில் புனிதரின் பெயரால் எரிந்து அணைந்துபோன விளக்கை 1993இல் கன்னியாஸ்திரிகள் மறுபடி ஏற்றினார்கள். அந்தச் சுடரிலிருந்து பேகன்களும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கியது பேச்சில் இல்லை, ஒரு தோப்பில். ஜனவரி 17, பழைய கணக்குப்படி கிறிஸ்துமஸின் பன்னிரண்டாம் இரவு. 1752இல் காலண்டரைத் திருத்தி பதினொரு நாளை வெட்டினார்கள். எங்கள் பகுதியான சாமர்செட்டின் ஆப்பிள் மரங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அன்று இரவு ஊரே ஆப்பிள் தோப்புக்குப் போய் வஸ்ஸெயில் என்று ஒரு சடங்கு செய்யும். 2023இல் பக்கத்து வீட்டம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நீ கும்பிட வேண்டாம், நின்றால் போதும்."

புல் உறைந்து காலடியில் நொறுங்கியது. தோப்பிலேயே வயதான மரத்தைச் சுற்றி வட்டம். ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிப் பிடித்தார்கள், அவள் சைடர் என்கிற ஆப்பிள் மதுவில் நனைத்த ரொட்டித் துண்டைக் கிளையிடுக்கில் செருகினாள், குருவிக்கு. வேரில் ஒரு குவளை சைடர் ஊற்றினார்கள். அப்புறம் கெட்ட ஆவி ஓடச் சட்டி, பானை, தகரம் எல்லாவற்றையும் ஆளாளுக்குத் தட்டினார்கள், இரண்டு பேர் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். என்னிடம் ஒரு பழைய கேக் டின்னும் கரண்டியும் கொடுத்திருந்தார்கள். போகிக்கு மேளம் தட்டுகிற பிள்ளை மாதிரி தட்டினேன்.

பக்கத்தில் ஒருவர் என்னைவிட வேகமாக வாணலியைத் தட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் பார்த்தால் எங்கள் கோயில் ஐயர். (எங்கள் பக்கம் குருவானவரைத்தான் ஐயர் என்போம்.) திகைத்துப் போனேன். அவரிடம் நம் ஊர் அறுப்பின் பண்டிகையைப் பற்றிச் சொன்னேன். வாழைத்தார், கோழி, நெல் மூட்டை, பூசணிக்காய் எல்லாம் ஆலயத்துக்கு வந்து கடைசியில் ஏலம் போவதை. இது நிச்சயம் பழைய பேகன் விழாதான் என்றார் பக்கத்து வீட்டம்மா. ஐயர் சிரித்தார். இங்கிலாந்துக் கோயில்களில் அறுப்பின் பண்டிகையை இப்போதைய வடிவில் தொடங்கிவைத்தவர் கார்ன்வாலின் மார்வென்ஸ்டோ ஊர்க் குருவானவர் ஹாக்கர், ஆண்டு 1843. எப்போதும் எனக்குப் பாடம் எடுக்கிற அம்மாவுக்கு அன்று ஒரு பாடம்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம். வட்டம் கட்டிவிட்டால் நடுவே குறுக்கே நடக்கக் கூடாது. வெளியே போக வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவரிடம் சொன்னால் வழி விடுவார்கள். சுற்றுவது வலமாகத்தான், நமக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. குவளை கைமாறி வரும். குடிக்காதவர்கள் இரண்டு சொட்டைத் தரையில் விட்டு அடுத்தவரிடம் கொடுத்தால் போதும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பேகன் என்று வெளியே சொல்லாதவர்களும் வருவார்கள், வேலையில் பிரச்சினை வரும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. மரத்தில் துணி கட்டுவதென்றால் பருத்தித் துணி. நான் முதலில் கொண்டுபோன ஜரிகை ரிப்பனை ஒரு பெரியவர் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். நைலான் மக்காது, கிளையை நெரித்துவிடும். கடையில் வாங்கிய மினுமினுப்புப் பொருளைவிடக் கையால் செய்த ரொட்டி மேல்.

அந்த முட்டைச் சாயம் இப்போது எனக்கும் கைவந்துவிட்டது. முட்டை மேல் கொத்தமல்லி இலையை ஒட்டி, பழைய நைலான் காலுறையில் இறுக்கிக் கட்டி, கை நிறைய வெங்காயத் தோல் போட்ட தண்ணீரில் அவிக்க வேண்டும். ஆறிய பிறகு பிரித்தால் இலை இருந்த இடம் வெளுப்பாக நிற்கும். ஈஸ்டர் ஞாயிறு அன்று கொண்டுபோய்க் கொடுப்பேன், மார்ச்சில் இல்லை. எனக்கு அப்போது லெந்து என்பது அவருக்குத் தெரியும்.

2024 ஜனவரி 17க்கு வெறும் கையோடு போக மனமில்லை. பொங்கல் முடிந்து இரண்டு நாள். ஊரிலிருந்து வந்த உடன்குடிக் கருப்பட்டி கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பொங்கி, துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். பக்கத்து வீட்டம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "இது சூரியனுக்குச் செய்கிற பண்டிகை இல்லையா? கிறிஸ்தவர்கள் நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?"

இரண்டு ஆண்டுக்கு முன் நான் கேட்ட கேள்வியை எனக்கே திருப்பிப் போடுகிறார் என்று தெரிந்தது. ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளவெல்லாம் இல்லை, அது எங்களுடையதும்தான் என்றேன். பாட்டி முற்றத்தில் பொங்குவார், ஜெபம் சொல்லி இறக்குவார், சூரியனைப் பார்த்துக் கையெடுக்க மாட்டார். எதிர்வீட்டில் அதே நேரத்தில் அதே மாதிரி பொங்கிக் கையெடுப்பார்கள். எங்கள் சொந்தத்திலேயே பொங்கல் வைக்கலாமா கூடாதா என்று பேச்சுவார்த்தை அறுந்த வீடுகள் உண்டு. அதையும் சொன்னேன். நம் தை முதல் நாளும் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் குளிர்காலத் திருப்பத்தோடு ஒட்டித்தான் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக விலகி ஜனவரி நடுவுக்கு வந்துவிட்டது என்றதும் அவருக்கு ஒரே குஷி. "அப்போ உங்கள் காலண்டரும் நழுவியிருக்கிறது!"

ஐயர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ரொட்டி செருகி முடிந்ததும் அந்தச் சின்னப் பெண் என் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்துக்கும் கொடுக்கலாமா என்று கேட்டாள். சரி என்றேன். ஒரு கரண்டி எடுத்து வேரடியில் வைத்தாள்.

மறுநாள் போனில் அம்மாவிடம் சொன்னேன். பிரசங்கத்துக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"மரத்துக்கா வச்ச?"

"ஒரு கரண்டிதாம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னாள்: "கருப்பட்டி இப்போ என்ன விலைன்னு தெரியுமாட்டி உனக்கு?"